கணக்குப் புத்தகத்துக்குத் தினசரி நகல்: உள்ளூர் பேக்கப் சேவை தொடங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் கணக்கு எழுதும் கம்பெனிகள் அந்தக் கணக்கின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும். கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்ட்டில் வந்த திருத்தம் இது. அதற்கு முன்பு அவ்வப்போது எடுத்தால் போதும் என்றிருந்தது. சேவை தருபவரின் பெயர், ஐபி முகவரி, இடம் ஆகியவற்றையும் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும்போது கம்பெனிப் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். ஆடிட்டர் இதைக் கேட்டதும் சிறு நிறுவனங்கள் முதலில் போய் நிற்பது பக்கத்துத் தெருக் கணினிக் கடையில்தான். அந்தக் கடைக்காரர்களும், ஊரில் நெட்வொர்க் வேலை பார்க்கும் இளைஞர்களும் சொந்தமாக ஆன்லைன் பேக்கப் சேவை தொடங்கலாமா என்று யோசிப்பது இயல்பு.

தாராளமாகத் தொடங்கலாம். தேவையான மென்பொருள் முழுவதும் திறமூலமாகவே, அதாவது மூலநிரல் எல்லாருக்கும் திறந்த நிலையிலேயே, கிடைக்கிறது. ரெஸ்டிக், போர்க் என்ற இரண்டு பேக்கப் நிரல்களும் பிஎஸ்டி உரிமத்தில் வருபவை; வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடையும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆனால் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, கோப்பு அனுப்ப ஆளுக்கொரு எஃப்டிபி கணக்கு திறந்து கொடுத்து, ‘பாதுகாப்பான கிளவுட் பேக்கப்’ என்று போர்டு மாட்டினால் அது பேக்கப் சேவை ஆகிவிடாது. இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். சேவை நடத்துபவரே நினைத்தாலும் வாடிக்கையாளரின் கோப்பைப் படிக்க முடியக் கூடாது. வாடிக்கையாளரின் கணினியை முழுதாகக் கைப்பற்றிய ஒருவன் நினைத்தாலும் பழைய நகல்களை அழிக்க முடியக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசும் ஓர் இடம் இருக்கிறது. பெரும்பாலான வேலை அங்கேதான்.

முதல் நிபந்தனையை ரெஸ்டிக் எப்படி நிறைவேற்றுகிறது என்று பார்ப்போம். அது ஒவ்வொரு கோப்பையும் உள்ளடக்கத்தைப் பொறுத்து 512 கிலோபைட் முதல் 8 மெகாபைட் வரை உள்ள துண்டுகளாக வெட்டுகிறது. சராசரி ஒரு மெகாபைட். முன்பே அனுப்பிய துண்டாக இருந்தால் மறுபடி அனுப்புவதில்லை. புதிய துண்டுகளை வாடிக்கையாளரின் கணினியிலேயே 256 பிட் ஏஇஎஸ் முறையில் என்கிரிப்ட் செய்து (பாஸ்வேர்ட் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி), பல துண்டுகளை ஒரு பொதியாகக் கட்டி அனுப்புகிறது. சர்வருக்கு வந்து சேர்வது பொதிகள் மட்டுமே. கோப்பின் பெயர்கூட அங்கே தெரியாது. எவ்வளவு அளவு, எத்தனை மணிக்கு, எந்த ஐபியிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியும்.

ஒவ்வொரு பொதியின் பெயரும் அந்தப் பொதியின் எஸ்எச்ஏ-256 ஹாஷ்தான், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற எண். சேவை நடத்துபவர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். பாஸ்வேர்ட் தெரியாமலேயே, சர்வரில் இருக்கும் ஒவ்வொரு பொதிக்கும் ஹாஷ் கணக்கிட்டு, பெயரோடு ஒப்பிட்டு, ஒரு பிட் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். 10 டெராபைட்டை விநாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் படித்தால் ஏறக்குறைய 14 மணி நேரம் ஆகும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்கினால் போதும். ஆனால் இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. கெட்டுப்போன பொதியை இது பிடிக்கும். காணாமல் போன பொதியைப் பிடிக்காது. எது இருக்க வேண்டும் என்ற பட்டியலும் என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்துச் சரிபார்க்கும் ரெஸ்டிக்கின் ‘செக்’ கட்டளையை வாடிக்கையாளரின் கணினியில்தான் ஓட்ட வேண்டும். அதையே பன்னிரண்டில் ஒரு பங்கு தரவைப் படித்துப் பார்க்கும்படி மாதம் ஒருமுறை, ஒவ்வொரு மாதமும் அடுத்த பங்கு என்று அமைத்துவிட்டால், ஓர் ஆண்டில் எல்லாப் பொதியும் ஒரு சுற்று படிக்கப்பட்டுவிடும். 300 ஜிபி வைத்திருப்பவருக்கு மாதம் 25 ஜிபி டவுன்லோட். 100 மெகாபிட் இணைப்பில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.

பாஸ்வேர்ட் வாடிக்கையாளரிடம் மட்டுமே இருப்பதால், அது தொலைந்தால் தரவும் தொலைந்ததுதான். யாராலும் திறக்க முடியாது. இதைச் சேவையில் சேரும் அன்றே, தமிழில் எழுதிய ஒப்பந்தத்தில், தனி வரியாகச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். பாஸ்வேர்டை இரண்டு தாள்களில் அச்சடித்து, உறையிலிட்டு, ஒன்றை அலுவலக அலமாரியிலும் இன்னொன்றை முதலாளியின் வீட்டிலோ வங்கி லாக்கரிலோ வைக்கச் சொல்ல வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு, பேக்கப் எடுக்கப்படும் அதே கணினியில் ஒரு நோட்பேட் கோப்பில் மட்டும் பாஸ்வேர்டை எழுதி வைப்பது. கணினி போகும்போது அதுவும் போய்விடும். ‘உங்களுக்குச் சிரமம் வேண்டாம், பாஸ்வேர்டை நாங்களே வைத்துக்கொள்கிறோம்’ என்று அன்போடு சொல்லும் சேவை முதல் நிபந்தனையை அங்கேயே கைவிட்டுவிடுகிறது. அப்படித்தான் வேண்டும் என்று வாடிக்கையாளரே வற்புறுத்தினால், ரெஸ்டிக்கில் ஒரே களஞ்சியத்துக்கு (நகல்கள் சேரும் ஃபோல்டருக்கு) இரண்டாவது பாஸ்வேர்ட் சேர்க்கும் வசதி இருக்கிறது. அதை எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் பின்னாளில் அந்தப் பாஸ்வேர்டை நீக்கினாலும் முழுப் பாதுகாப்பு திரும்பிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பாஸ்வேர்டும் ஒரே மூலச்சாவியைத்தான் திறக்கின்றன. ஒருமுறை திறந்தவர் அந்தச் சாவியை எடுத்து வைத்திருக்க முடியும்.

இரண்டாவது நிபந்தனைக்கு வருவோம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் கணினிக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். யூஎஸ்பியில் செருகியபடியே இருக்கும் ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க் டிரைவாகத் தெரியும் நாஸ் பெட்டி, இரண்டும் முதல் அரை மணி நேரத்திலேயே போய்விடக்கூடியவை. கூகுள் டிரைவ், நெக்ஸ்ட்கிளவுட் போன்றவை ஒத்திசைவுக்கானவை. இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். பழைய பதிப்புகள் சில நாள் கிடைக்கும் என்பதை நம்பித் தொழில் நடத்த முடியாது.

ரெஸ்டிக்குக்கு என்றே எழுதப்பட்ட ரெஸ்ட் சர்வர் என்ற சிறு நிரல் இருக்கிறது. அதைச் ‘சேர்க்க மட்டும்’ முறையில் ஓட்டினால், வாடிக்கையாளரின் கணினி புதிய பொதிகளைச் சேர்க்கலாம், பழையதைப் படிக்கலாம், அழிக்க முடியாது. பூட்டுக் கோப்புகளை நீக்க மட்டும் அனுமதி உண்டு, ஏனென்றால் பாதியில் கரண்ட் போனால் பழைய பூட்டை நீக்காமல் சில வேலைகள் ஓடாது. கூடவே தனிக் களஞ்சிய அமைப்பையும் போட்டுவிட்டால், ஒருவரின் பயனர் பெயரில் வந்தவர் அடுத்தவரின் ஃபோல்டருக்குள் நுழைய முடியாது. இந்த இரண்டு அமைப்புகளையும் விட்டுவிட்டு நடத்துவது பூட்டில்லாத கதவுக்குக் காவலாளி போடுவது போன்றது. போர்க் பயன்படுத்துவோருக்கு தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவியோடு கட்டாயக் கட்டளையைப் பிணைத்து இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாம். ஆனால் போர்க் களஞ்சியம் ஒன்றை ஒரே நேரத்தில் பல கணினிகள் பயன்படுத்துவது சிக்கல். விண்டோஸ் ஆதரவும் அதில் குறைவு. ஐந்தாறு விண்டோஸ் கணினிகள் உள்ள அலுவலகத்துக்கு என் தேர்வு ரெஸ்டிக்தான்.

இனி உரசும் இடம். நகல்கள் சேர்ந்துகொண்டே போனால் டிஸ்க் நிறையும். பழையவற்றைக் கழித்தாக வேண்டும். கழிக்க வேண்டுமானால் எந்தப் பொதியில் எந்தத் துண்டு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குப் பாஸ்வேர்ட் வேண்டும். சேவை நடத்துபவரிடம் பாஸ்வேர்ட் இல்லை. வாடிக்கையாளரிடம் பாஸ்வேர்ட் இருக்கிறது, அழிக்கும் உரிமை இல்லை. விற்பனைத் தாளில் ‘என்கிரிப்ஷன் உண்டு, ரான்சம்வேர் பாதுகாப்பு உண்டு’ என்று இரண்டையும் எழுதுபவர்கள் இந்த முடிச்சை எப்படி அவிழ்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலர் இரண்டில் ஒன்றை அமைதியாக விட்டிருப்பார்கள்.

நடைமுறையில் வேலை செய்யும் வழி ஒன்றைச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே பேசி வைத்த நாளில், குறிப்பிட்ட அந்த வாடிக்கையாளருக்கு மட்டும் அழிக்கும் உரிமையுள்ள இன்னொரு ரெஸ்ட் சர்வரை வேறொரு போர்ட்டில் இரண்டு மணி நேரம் திறந்து வைப்பது. திறப்பதற்கு முந்தைய நிமிடம், சர்வரின் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் அந்த வாடிக்கையாளரின் பகுதிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் உறைந்த பதிவு) எடுத்து, 30 நாட்களுக்கு அதை அழிக்க முடியாதபடி பிடித்து வைப்பது. வாடிக்கையாளர் தன் பக்கத்திலிருந்து, முடிந்தால் தினசரி வேலைக்குப் பயன்படாத தனி லேப்டாப்பிலிருந்து, கழிக்கும் கட்டளையை ஓட்டுவார். அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன விபரீதம் நடந்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழியிருக்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு: கழித்த இடம் உடனே காலியாகாது, 30 நாள் கழித்துத்தான் கிடைக்கும். டிஸ்க் திட்டமிடும்போது இதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ரெஸ்டிக்கில் ஒவ்வொரு முறை எடுக்கும் நகலுக்கும் ஸ்னாப்ஷாட் என்றுதான் பெயர்; கழிப்பதற்கு முன் அந்த ஸ்னாப்ஷாட் பட்டியலை ஒரு மனிதர் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். ‘கடைசி 7 நாள், 4 வாரம், 12 மாதம்’ என்ற எண்ணிக்கை விதியை மட்டும் நம்பினால் ஒரு சூழ்ச்சிக்கு இடம் கிடைக்கும். கணினிக்குள் ஒளிந்திருப்பவனால் அழிக்க முடியாது, ஆனால் சேர்க்க முடியும். வெறும் குப்பையைப் போலித் தேதிகளில் ஸ்னாப்ஷாட்டாக அவன் சேர்த்து வைத்தால், எண்ணிக்கை விதி குப்பையை வைத்துக்கொண்டு நல்ல நகல்களைத் தள்ளிவிடும். ஒரே நாளில் அளவுக்கு அதிகமான ஸ்னாப்ஷாட்கள், வரப்போகும் தேதியில் ஒன்று, வழக்கமான அளவுக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்குக் கழிப்பதை நிறுத்திவிட வேண்டும்.

சர்வர் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 8 டெராபைட் டிஸ்க் நான்கு, இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 அமைப்பு. கிடைப்பது 16 டெராபைட். 1024-இன் மடங்கில் கணினி காட்டும் கணக்கில் 14.5. இசட்எஃப்எஸ்ஸை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் வேகம் விழும் என்பதால் பயன்படுவது 11.6. ஒருவருக்கு 300 ஜிபி என்றால் 38 வாடிக்கையாளர்கள். அதில் கழித்த இடத்துக்கும் விட்டு வைக்க வேண்டும் என்பதால் 30 பேருக்கு மேல் சேர்ப்பது சரியல்ல. டிஸ்க் வாங்கும்போது, தடங்களைப் பாதி ஒன்றன்மேல் ஒன்றாக எழுதும் எஸ்எம்ஆர் வகை வேண்டாம், தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் என்று கேட்டு வாங்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க் இருந்தால் பழுதான ஒன்றை மாற்றிய பின் ரெய்டை மறுபடி கட்டுவது நாள்கணக்கில் இழுக்கும், அதற்குள் இன்னொன்று போகலாம். பிழை திருத்தும் இசிசி ரேம், மாதம் ஒரு ஸ்கிரப் (டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் படித்துச் சரிபார்ப்பது), டெபியன் லினக்ஸின் நிலைத்த பதிப்பு. நிர்வாகத்துக்கான எஸ்எஸ்எச் பொது இணையத்துக்குத் திறந்திருக்கக் கூடாது, வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக மட்டும். திறமூலம் என்றாலே ஆபத்தில்லை என்று நினைக்கவும் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருந்தது வெளிப்பட்டது. மூலநிரல் திறந்திருந்ததால், எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளரால் அதைத் தோண்டிக் கண்டுபிடிக்க முடிந்தது. டெபியனின் நிலைத்த பதிப்புக்குள் அது வந்து சேரவில்லை. புத்தம் புதியதை உடனே சர்வரில் ஏற்றாமல் இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

வாடிக்கையாளர் பக்கம்தான் கோளாறுகளின் சுரங்கம். டேலியின் டேட்டா ஃபோல்டர் வழக்கமாக சி டிரைவில் பப்ளிக் பயனரின் கீழே உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும் தேர்ந்தெடுத்தால் கணக்கே பேக்கப்பில் வராது. டேலி திறந்திருக்கும்போது கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலை பதிவாகலாம். அதனால் திறந்திருக்கும் கோப்பின் ஒரு கணத்து நிலையைப் பிடித்துத் தரும் விண்டோஸின் நிழல் நகல் வசதியைப் பயன்படுத்தும் தேர்வை ரெஸ்டிக்கில் போட வேண்டும். அதற்கு அட்மினிஸ்டிரேட்டர் உரிமை தேவை. சரி என்று சிஸ்டம் கணக்கில் ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் வைத்தால் அடுத்த வம்பு வருகிறது: பயனர் லாகின் செய்து ‘இசட் டிரைவ்’ என்று இணைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவ் சிஸ்டம் கணக்கின் கண்ணுக்குத் தெரியாது. டேட்டா எந்தக் கணினியில் உண்மையில் இருக்கிறதோ அதிலேயே ரெஸ்டிக்கை நிறுவுவதுதான் தீர்வு.

நேரம் இன்னொரு சிக்கல். இரவு 12 மணிக்கு என்று வைத்தால், மாலை 7 மணிக்கு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போகும் அலுவலகத்தில் ஒரு நாளும் ஓடாது. மதிய உணவு நேரத்தில் வைப்பது நல்லது. தவறிய வேலையைக் கணினி திறந்ததும் ஓட்டு என்ற தேர்வையும் போட வேண்டும். லேப்டாப் என்றால், ‘சார்ஜரில் இருந்தால் மட்டும் ஓட்டு’ என்று டாஸ்க் ஷெட்யூலர் தானாகவே வைத்திருக்கும் தேர்வை எடுக்க வேண்டும். முப்பது வாடிக்கையாளர்களும் சரியாக 1.30-க்குப் பாயாமல், ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி வைக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் பில்லிங் நடத்தும் கடைகளுக்கு, தரவுத்தளக் கோப்புகளை நேரடியாக எடுக்காமல் டம்ப் (தரவு முழுவதையும் எழுதிய உரைக் கோப்பு) எடுத்து அனுப்ப வேண்டும். அதை ஜிஜிப்பில் சுருக்கிவிட்டு அனுப்புவது பலரின் பழக்கம். சுருக்கிய கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பிறகு வரும் எல்லாம் மாறிவிடும், துண்டுகள் பொருந்தாது, தினமும் முழு அளவும் மறுபடி ஏறும். சுருக்காமல் கொடுத்தால் 0.14 பதிப்பு முதல் ரெஸ்டிக்கே சுருக்கிக்கொள்கிறது. டம்ப்பைக் குழாய் வழியாக ரெஸ்டிக்குக்குள் விடும்போது, டம்ப் பாதியில் செத்தாலும் வந்தவரை வாங்கிக்கொண்டு ‘வெற்றி’ என்று ரெஸ்டிக் பதிவு செய்துவிடும். 0.17 பதிப்பில் டம்ப் கட்டளையை ரெஸ்டிக்கே நேரடியாக ஓட்டும் வசதி வந்திருக்கிறது. கட்டளை தோற்றால் ஸ்னாப்ஷாட் பதிவாகாது. அதையே பயன்படுத்துங்கள்.

அச்சகங்கள், டிடிபி மையங்கள் கவனிக்க: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை மீட்டாலும், எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும். இருபது ஆண்டு மலர்களையும் அழைப்பிதழ்களையும் காப்பாற்றி வைத்துவிட்டு எழுத்துருவைத் தொலைப்பது பரிதாபம். விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்குள் இருக்கும் சாவிக்கு மட்டும் எந்த மென்பொருளும் நகல் எடுக்க முடியாது. அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுவது நேர்மை.

முதல் பதிவேற்றம் பொறுமையைச் சோதிக்கும். 20 மெகாபிட் அப்லோட் இணைப்பில் மணிக்கு 9 ஜிபிதான் போகும். 500 ஜிபிக்கு 55 மணி நேரம், அதுவும் கணினி அணையாமல் இருந்தால். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் களஞ்சியத்தை உருவாக்கி, அதை நேரில் எடுத்து வந்து சர்வரில் ஏற்றிவிட்டு, மறுநாள் முதல் ஆன்லைனில் தொடர்வது எளிது. எல்லாம் என்கிரிப்ட் ஆகி இருப்பதால் டிஸ்க் வழியில் தொலைந்தாலும் தகவல் கசியாது.

கண்காணிப்பில் ஒரே ஒரு கொள்கை: பிழை வந்தால் சொல் என்று வைக்காதீர்கள், நகல் வராவிட்டால் சொல் என்று வையுங்கள். அணைந்து கிடக்கும் கணினி பிழைச் செய்தி அனுப்பாது. ஸ்னாப்ஷாட் ஃபோல்டரில் 26 மணி நேரமாகப் புதுக் கோப்பு வரவில்லை என்றால் சர்வர் தானாக எச்சரிக்க வேண்டும். இதற்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை. தினமும் 300 மெகாபைட் ஏற்றுபவர் ஒரே நாளில் 80 ஜிபி ஏற்றினால் உடனே போன் செய்யுங்கள். யாராவது வீடியோ கோப்புகளைப் போட்டிருக்கலாம். இல்லையென்றால் ரான்சம்வேர் எல்லாக் கோப்பையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. அளவு திடீரென்று குறைந்தாலும் போன்தான். மின்னஞ்சலை மட்டும் நம்ப வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, மூலநிரல் சேமிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டர் அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடினால் சேமிப்பகம் காலி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் நிரலோ 9.2, பதிப்பு பொருந்தாமல் டம்ப் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் சரியாகக் கையொப்பமிடப்படாததால் பெறும் சர்வரால் நிராகரிக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று கையில் இருந்ததால் மீண்டார்கள். நடந்ததை அந்த நிறுவனமே ஒளிக்காமல் வெளியிட்டது. பேக்கப் தொழிலுக்கு வருபவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

மீட்டுக் காட்டாத பேக்கப்புக்குப் பணம் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு கணினியில், நேற்றைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து டேலி டேட்டாவை மீட்டு, டேலியில் திறந்து, கடைசி வவுச்சர் எண்ணையும் டிரயல் பேலன்ஸின் இரு பக்கக் கூட்டுத்தொகையையும் அலுவலகக் கணினியோடு ஒப்பிட வேண்டும். கணக்கரே அருகில் இருந்து பார்த்து, தேதியிட்டுக் கையெழுத்திட வேண்டும். பாஸ்வேர்டை அன்றைக்கு உறையிலிருந்து எடுத்தே தட்டச்சு செய்ய வேண்டும். தாளில் இருப்பது சரியான பாஸ்வேர்ட்தானா, பூஜ்யமும் ஓ எழுத்தும் குழம்பாமல் வாசிக்க முடிகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். மீட்க எவ்வளவு நேரமானது என்பதையும் குறித்து வையுங்கள். 500 ஜிபியை 100 மெகாபிட்டில் இறக்க 11 மணி நேரம் ஆகும். ஒரு நாள் வியாபாரம் நிற்பதைத் தாங்க முடியாதவருக்கு, டிஸ்க்கிலேயே எழுதி நேரில் கொண்டுபோய்த் தரும் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். மீட்பதற்குத் தனிக் கட்டணம் வாங்கினால் வாடிக்கையாளர் சோதித்தே பார்க்க மாட்டார். அதனால் சேமிக்கும் அளவுக்கு மட்டும் கட்டணம் வையுங்கள்.

இரண்டாவது நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளி நகல் இல்லாததால் அழிந்தன. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்துவிட்டு இரண்டு சர்வர்களையும் சென்னையிலேயே வைப்பது தகாது. ஒன்று கோவையில், ஒன்று மும்பையிலோ ஐதராபாத்திலோ இருக்கட்டும். முதல் சர்வர் இரண்டாவதுக்குத் தள்ளும்படி அமைக்காமல், இரண்டாவது சர்வர் வந்து இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். முதல் சர்வரின் முழு நிர்வாக உரிமையான ரூட் உரிமையையே ஒருவன் பிடித்தாலும், அங்கே இரண்டாவதுக்குள் நுழையும் சாவி இருக்காது. இரண்டு சர்வர்களின் நிர்வாகப் பாஸ்வேர்டும் ஒரே ஆளிடம் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

சட்டக் கடமைகளும் உண்டு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி, இணையத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். கிளவுட் சேவை தருபவர் வாடிக்கையாளர் விவரங்களை, அவர் விலகிய பிறகும் 5 ஆண்டுகள் காக்க வேண்டும். சர்வர் கடிகாரம் அரசின் நேர சர்வர்களோடு பொருந்தியிருக்க வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். அந்தச் சட்டத்தில் பொறுப்பு முதலில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் மேல்தான் விழும். அவருக்காகத் தரவைக் கையாள்பவரோடு முறையான ஒப்பந்தம் இருக்க வேண்டும். எனவே வாய்ப்பேச்சில் சேவை தொடங்காதீர்கள். பதிவாளருக்குத் தர வேண்டிய ஐபி முகவரி, சர்வர் இருக்கும் ஊர் ஆகியவற்றை பில்லிலேயே அச்சிட்டுக் கொடுத்தால் ஆடிட்டருக்கும் வேலை மிச்சம்.

ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் வேண்டும். சேவையை மூடுவதாக இருந்தால் 60 நாள் முன்னறிவிப்பு. வாடிக்கையாளரின் களஞ்சியத்தை அவர் தரும் டிஸ்க்கில் அப்படியே நகலெடுத்துக் கொடுப்பது. ரெஸ்டிக் களஞ்சியம் வெறும் கோப்புகளின் தொகுப்புதான். எந்தக் கணினியிலும், எந்த நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல், பாஸ்வேர்ட் இருந்தால் திறக்கும். பாஸ்வேர்ட் தாள் இருக்கும் அதே உறையில், ரெஸ்டிக் நிரலின் விண்டோஸ், லினக்ஸ் பதிப்புகளை, வெளியீட்டுப் பக்கத்திலிருந்து இறக்கிக் கையொப்பம் சரிபார்த்த பின், ஒரு பென் டிரைவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியாளர்,
கோயம்புத்தூர்.